மூடுபனி இல்லாத காலை

ஹந்தானை மலைப்பாதையில் பைனஸ் மரக்காடு முடிகிற இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வரும்போது தர்ஷனாவுக்குச் சில நாட்களில் மூடுபனி வரும். மலையுச்சியிலிருந்து இறங்கும் பனியைப் போல அது வருவதில்லை. கண்ணின் ஓரங்களிலிருந்து வரும். முதலில் தேயிலைச் செடிகளின் பச்சை வெளுக்கும். பிறகு பாதை வெளுக்கும். தன் செருப்புச் சத்தமே யாரோ தூரத்தில் நடப்பதுபோல் கேட்கும். அதன்பின் ஒன்றுமிருக்காது. வெதுவெதுப்பான பாலுக்குள் இறங்கியதுபோல ஒரு வெள்ளை மட்டும். அது விலகும்போது அவள் மதகின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருப்பாள், அல்லது பாதையோரப் புல்லில் சாய்ந்து கிடப்பாள். எப்போது உட்கார்ந்தாள் என்பது நினைவிருக்காது. சேலையைத் தட்டிவிட்டு எழுந்து மறுபடி ஏறுவாள்.

மேலே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியை. முப்பத்து மூன்று வயது. கூடப் படிப்பிக்கும் பஸீஹாவும் அவளும் கண்டி டவுனிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, பாதை தொடங்குகிற இடத்தில் இறங்கி நடப்பார்கள். பஸீஹா வேகமாக நடக்கிறவள். வளைவு வருவதற்குள் அவள் அடுத்த திருப்பத்தைத் தாண்டியிருப்பாள். அதனால் தர்ஷனாவின் மூடுபனியை வேறு யாரும் கண்டதில்லை. அது தனக்கு மட்டும் வருவதென்று தர்ஷனாவும் நினைத்ததில்லை. மலையில் பனி வருவதும் போவதும் புதினமா என்ன?

அவளுடைய தம்பி யுகேஷ் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் இறந்துபோனான். டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்தவன், லீவுக்கு வந்திருந்தான். தோட்டத்து மைதானத்தைச் சுற்றி ஓடும் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். கோட்டைத் தொடுவதற்கு முன்னால் கால் மடங்கியது. தடுக்கி விழுந்தான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், லொறியில் ஏற்றினார்கள். லொறி டவுனுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர், தர்ஷனாவின் கணவன் கஜேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். யுகேஷின் இதயத் தசை இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்ததாம். அது குடும்பத்தில் தொடர்ந்து வருகிற வியாதியாம். கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம்.

அப்போதுதான் தர்ஷனாவுக்கு அப்பாவின் சாவும் வேறு மாதிரித் தெரிந்தது. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, காமன் கூத்தில் தப்புப் பறை அடிக்க அடிக்க ஆடிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்று, அப்படியே சரிந்தார். காமன் கொண்டுபோய்விட்டான் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் சொன்னார்கள். அம்மாவும் சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி, குளிர்ந்த ஏதோ ஒன்றை நெஞ்சில் பூசினார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று அசைந்தது. ஆழத்துத் தண்ணீரில் ஏதோ உயிர்ப்பிராணி வாயைத் திறந்து மூடுவதுபோல் இருந்தது. அதைத் தன்னுடையதென்று அவளால் நினைக்க முடியவில்லை. இத்தனை வருடமும் யாரும் பார்க்காத இருட்டில் அது இப்படித்தான் அடித்துக்கொண்டிருந்ததா? பிடிவாதமாகவும் அழகாகவும் இருந்தது. அதையே பார்த்திருக்க அவளுக்குத் தூக்கத்தில் கண் சொருகியது.

இதய டொக்டர் தனபாலன் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வேலை செய்கிறவர். மெல்லிய குரல். திரையைத் தன் பக்கம் திருப்பி நிறைய நேரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து இருவருக்கும் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ. ஆனா உள்ளதைச் சொல்லோணும். தம்பிக்கு இருந்தது உங்களுக்கும் இருக்கு."

கஜேந்திரன் தர்ஷனாவின் கையைப் பிடித்தான்.

"இந்த இதய வருத்தம் இருக்கிற எல்லாருக்கும் தம்பிக்கு நடந்தது நடக்கிறேல்லை," என்றார் டொக்டர். "கனபேர் வயசு போகுமட்டும் நல்லா இருப்பினம். சிலருக்குத்தான் இதயம் திடீரெண்டு தறிகெட்டு அடிச்சு நிண்டுபோகும். அந்தச் சிலரை முன்னமே கண்டுபிடிக்கிறதுதான் எங்கட வேலை."

"எப்படி கண்டுபிடிப்பீங்க?" என்றான் கஜேந்திரன்.

"ஒண்டை மட்டும் வைச்சுச் சொல்லேலாது. தசை எவ்வளவு தடிப்பு, வயசு என்ன, குடும்பத்தில ஆரும் இளவயசில திடீரெண்டு செத்தவையோ, இதயத்தின்ர அடி இடைக்கிடை வேகமாகுதோ. எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கோணும். இன்னொண்டு, காரணம் இல்லாமல் மயங்கி விழுந்திருக்கிறீங்களோ?"

"இல்லீங்க டொக்டர்," என்றாள் தர்ஷனா.

அது பொய் இல்லை. மயங்கி விழுவதென்றால் கண் இருட்டும், தலை சுற்றும், வியர்க்கும் என்றுதான் அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஒருநாளும் கண் இருட்டியதில்லை.

மாத்திரை கொடுத்தார். ஓடக் கூடாது, மலையில் மெதுவாக ஏற வேண்டும் என்றார். நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் தொங்கும் சின்னக் கருவியொன்றை ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அது ஒவ்வொரு துடிப்பையும் பதிந்து வைக்குமாம். "வழமையா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்கோ."

அவள் வழமையானதைச் செய்தாள். பள்ளிக்கூடம் போனாள். அன்று மலையில் நிஜமாகவே பனி மூடியிருந்தது. பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது தலைமயிரெல்லாம் சின்னச் சின்ன நீர்முத்துகள். பின்னேரம் டவுனுக்கு இறங்கி, வாவிக்கரையோரம் நடந்து, மார்க்கட்டில் லீக்ஸ் வாங்கி வீட்டுக்குப் போனாள். சேலைக்குள் அந்தக் கருவி, கேட்டும் கேளாததுபோல் இருக்கிற சிறு பிள்ளையாய்ச் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது. விடியப்போகும் நேரத்தில் ஒரு கனவு வந்தது. வாவித் தண்ணீருக்குமேல் அவள் மல்லாந்து மிதக்கிறாள். கரையிலிருந்த மரங்களெல்லாம் மெல்ல எழுந்து அவளைச் சுற்றி நடக்கின்றன. ஒரு நிமிடம் அவை ஓடுகின்றன. பிறகு மறுபடி நடக்கின்றன.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் தனபாலன் ஒரு நீளத் தாளில் விரலை வைத்துக் காட்டினார்.

"விடியப்பறம், நீங்கள் நித்திரையா இருக்கேக்குள்ள, ஒரு கொஞ்ச நேரம் வேகமா அடிச்சிருக்கு. பிறகு தானா அடங்கியிட்டுது."

அவளுக்கு மரங்கள் ஓடியது நினைவு வந்தது.

"இப்ப நீங்கள் நடுவில நிக்கிறீங்கள்," என்றார் அவர். "உங்களைப்போல நூறு பேரை நிப்பாட்டினா, அடுத்த அஞ்சு வருசத்துக்குள்ள அதில அஞ்சு பேருக்குத் தம்பிக்கு நடந்தது நடக்கலாம். மிச்சப் பேருக்கு ஒண்டும் நடவாது. அந்த அஞ்சு பேர் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

"அந்த அஞ்சு பேத்துல இவ இருந்தா?" என்று கஜேந்திரன் கேட்டான்.

"அதுக்கு ஒரு கருவி இருக்கு. தோலுக்குக் கீழ வைக்கிறது. இதயம் தறிகெட்டு ஓடினா அதுவே கரண்ட் அடிச்சு அந்த ஓட்டத்தை நிறுத்தும். ஆனா அது சின்னக் காரியமில்லை. சிலவேளை தேவையில்லாமலும் அடிக்கும். கிருமி பிடிக்கலாம். வருசக்கணக்கா உடம்புக்குள்ள வைச்சிருக்கோணும், பற்றரி முடிய மாத்தோணும். அதனால நடுவில நிக்கிற ஆக்களை நான் வற்புறுத்திறேல்லை. யோசிச்சிட்டு வாங்கோ."

வீட்டுக்குப் போகிற வழியில் தர்ஷனா அந்த நூறு பேரையும் கண்டாள். வாவிக்கரைச் சுவரோரம் ஒருவர் பின் ஒருவராக நூறு தர்ஷனாக்கள். எல்லோரும் ஒரே நீலச் சேலை, ஒரே கைப்பை. ஒருத்தி குனிந்து மீன்களைப் பார்க்கிறாள். ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். யாருக்கும் எதுவும் தெரியாது. காற்று வந்தபோது நூறு முந்தானையும் ஒன்றாகப் பறந்தன.

"என்ன யோசிக்கிற?" என்றான் கஜேந்திரன்.

"ஒண்ணுமில்ல. வேணாம்னு தோணுது."

"எனக்கு வேணும்னு தோணுது," என்றான் அவன். ஆனால் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மாநகரசபை நீர்ப்பிரிவில் வேலை செய்கிறவன் அவன். மண்ணுக்குள் எந்தக் குழாய் எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்பதை அவன் அறிவான்.

அடுத்த வாரம் மழை விட்டு, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கிளினிக் விஷயம் தெரிந்ததிலிருந்து பஸீஹா முன்னால் போவதில்லை. தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தர்ஷனாவின் பக்கத்திலேயே நடந்தாள். தன் உம்மா செய்த வட்டிலப்பம் பிசகிப்போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பைனஸ் காடு முடிந்தது. வளைவு வந்தது.

ஓரங்களிலிருந்து வெள்ளை வந்தது. தேயிலை வெளுத்தது. பஸீஹாவின் குரல் நீண்டு, மெலிந்து, ஒரு சீழ்க்கை ஒலியாக மாறியது. பிறகு வெதுவெதுப்பு.

கண்ணைத் திறந்தபோது அவளுடைய தலை பஸீஹாவின் மடியில் இருந்தது. பஸீஹாவின் முகம் வெளிறியிருந்தது.

"யா அல்லாஹ்! தர்ஷனா, என்னைப் பாரு. நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது. பனி போயிருச்சா?"

"என்ன பனி?"

"இப்ப வந்துச்சே."

பஸீஹா அவளை விநோதமாகப் பார்த்தாள். "எங்கடி வந்திச்சு? வானத்தப் பாரு. வெயில் அடிச்சிட்டு ஈக்கிது. கீழ டவுன் முழுக்கத் தெரியுது."

தர்ஷனா பார்த்தாள். உண்மைதான். மலைகள் ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டி வைத்ததுபோல் தெளிவாக நின்றன. தேயிலைச் செடிகளின் இலைகளில் வெயில் மின்னியது. இவ்வளவு தெளிவான காலையை அவள் அந்த வருடத்தில் பார்த்ததில்லை.

"நீ நடந்துட்டே ஈந்த," என்றாள் பஸீஹா. "நான் கதை சொல்லிட்டு ஈந்தேன். ஒரு பேச்சும் இல்லாம அப்படியே சரிஞ்சிட்ட. கண்ணு தொறந்துதான் ஈந்திச்சு. எத்தனை தரம் கூப்புட்டேன் தெரியுமா? முந்தியும் இப்படி வந்திருக்கா?"

தர்ஷனா எழுந்து புல்லில் உட்கார்ந்தபடி, தன் மூடுபனிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம், படிக்கட்டில் வந்தது. அத்தை மகளின் சடங்குக்குத் தண்ணீர் சுமந்தபோது வந்தது. இந்த வளைவில் வந்தவை. அவற்றில் எத்தனை நாட்கள் வெயில் அடித்தது? அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியுமில்லை. அவளுக்கிருந்த பனிகளில் எது மலையுடையது, எது தன் இதயத்துடையது என்று இனி யாரும் பிரித்துத் தர முடியாது.

"டொக்டர்ட்ட நீ சொல்லணும்," என்றாள் பஸீஹா.

"சொல்றேன்."

அன்று சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. சொல்ல விடாமல் தடுத்த ஒன்று இருந்தது. யுகேஷ் போன பிறகு அந்த வெள்ளைக்குள் ஒரு சீழ்க்கை கேட்கத் தொடங்கியிருந்தது. சின்ன வயதில் லயத்துக் கோடியில் நின்று அவளைக் கூப்பிட அவன் அடிக்கிற அதே சீழ்க்கை. அதைக் கேட்பதற்காகவே சில நாட்கள் அவள் அந்த வளைவை வேகமாக ஏறியிருக்கிறாள். மூச்சு வாங்க வாங்க ஏறினால் வெள்ளை வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் வருகிறது என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியும். டொக்டரிடம் சொன்னால் அது வியாதியின் அறிகுறியாகிவிடும். தம்பி மறுபடியும் செத்துப்போவான்.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கஜேந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சீழ்க்கையையும் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் கோபப்படவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினான். வளைவுவரை மெதுவாக நடந்து வந்தான்.

"இங்கயா?"

"ம்."

அவன் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தான். மதகின் கீழே ஓடை, ஓடைக்குள் பாறை. புல் விளிம்பில் தலையளவு ஒரு கருங்கல் நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதை இரண்டு கையாலும் அசைத்துப் பெயர்த்தெடுத்துத் தூரக் கொண்டுபோய்ப் போட்டான். கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அவன் விசில் அடிச்சா எனக்கும் கேக்கணும்," என்றான். "ஒனக்கு மட்டும் கேக்கிற எடத்துக்கு நான் எப்படி வர்றது?"

அவர்கள் அங்கிருந்தே திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டொக்டர் தனபாலன் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். வேகமாக ஏறினால் வெள்ளை வரும் என்று அவள் சொன்ன இடத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேணுமெண்டே வேகமா ஏறினீங்களோ?"

"ஆமாங்க."

"மயக்கம் வந்ததோ எண்டு நான் கேட்டன். உங்களுக்கு அது மயக்கமாத் தெரியேல்லை. நான் வேற மாதிரிக் கேட்டிருக்கோணும்," என்றார். பிறகு கணினியில் எதையோ மாற்றிப் போட்டார். "இப்ப நூறில பத்துப் பேர். இனி நடுவில இல்லை. நான் உங்கட இடத்தில இருந்தா வைப்பன். என்ர தங்கச்சியா இருந்தாலும் வைக்கச் சொல்லுவன்."

"வெச்சா அந்த வெள்ளை வராதா?"

"வரலாம். ஆனா அதுக்குள்ளயே நிக்க விடாது. உங்களத் திருப்பிக் கொண்டுவந்து விடும்."

தர்ஷனா சன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ ஒருத்தி வார்ட் கம்பளிகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதறிய தூசி வெயிலில் பொன்னாக மிதந்து, இறங்க மனமில்லாததுபோல் நின்றது.

"வெச்சிருங்க," என்றாள்.

கருவி கிடைக்கச் சில வாரங்களாயின. அதுவரை பஸீஹா அவளை மலை ஏறவிடவில்லை. பள்ளி அதிபரோடு சண்டைபிடித்துத் தர்ஷனாவுக்கு லீவு வாங்கிக் கொடுத்தாள். சத்திரசிகிச்சை அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்குள் ஒரு மேடு. கையை உயர்த்தித் தலை வாரக்கூடாது என்றார்கள். அந்த நாட்களில் கஜேந்திரன் அவளுக்குத் தலை வாரிவிட்டான். பின்னத் தெரியாமல் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டான். படுக்கையிலிருந்து பார்க்கும்போது மலைகள் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்குவதாகத் தோன்றும். நெஞ்சுக்குள்ளே யாரோ விழித்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் அவளுக்கு நல்ல நித்திரை வந்தது. சீழ்க்கை அதன்பின் கேட்கவில்லை. ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதற்காக அழுது தீர்த்தாள்.

காயம் ஆறியதைப் பார்த்த டொக்டர் தனபாலன், "அப்பாவின்ர பக்கத்தில ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

அப்பாவின் தங்கை ஹேவாஹெட்டவில் இருந்தாள். அவளுடைய மகள் பிரேமிளாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்துக்காக ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடுகிறவள்.

தர்ஷனா ஒரு சனிக்கிழமை தனியாக அங்கே போனாள். அத்தை தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சொன்னதையெல்லாம் கேட்டு, "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. வீணா புள்ளைய பயமுறுத்தாத," என்றாள். பிரேமிளா மைதானத்தில் இருந்தாள். தர்ஷனா அங்கே தேடிப் போனாள். வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த பெண் அவளைக் கண்டு நின்றாள். மூச்சு வாங்கவேயில்லை.

தர்ஷனா மறைக்காமல் சொன்னாள். தோளருகே இருந்த மேட்டைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாள்.

"ஸ்கேன் பண்ணா, ஓடக் கூடாதுன்னு சொல்லிருவாங்களா அக்கா?"

"சொல்லலாம். எனக்குத் தெரியாது."

"அப்ப நான் எதுக்கு வரணும்?"

"யுகேஷுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் அவன் ஓடியிருப்பானோ என்னமோ," என்றாள் தர்ஷனா. "அவன் பிடிவாதக்காரன். ஆனா அவன்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே. ஒன்கிட்ட நான் கேக்கிறேன்."

பிரேமிளா கால் விரலால் புல்லைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். மைதானத்துக்கு அப்பால் மேகங்கள் பள்ளத்தாக்கில் மந்தையைப்போல் படுத்திருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள், "திங்கக்கெழமை வர்றேன். அம்மாகிட்ட நீங்களே பேசுங்க," என்றாள்.

அத்தையிடம் அன்று மாலை முழுக்கப் பேச வேண்டியிருந்தது. கடைசியில், தான் வரமாட்டேன், மகள் போகட்டும், ஆனால் பொழுது சாய்வதற்குள் தர்ஷனாவே கொண்டுவந்து விட வேண்டும் என்றாள் அத்தை.

திங்கட்கிழமை ஸ்கேன் அறைக்குள் பிரேமிளா போனபோது தர்ஷனா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கதவு நெடுநேரம் மூடியிருந்தது. திறந்தபோது பிரேமிளாவோடு டொக்டர் தனபாலனே வெளியே வந்தார்.

"இப்ப ஒண்டும் இல்லை. தசை வழமை மாதிரித்தான் இருக்கு. ஆனா வளருற வயசு, பிறகும் வரலாம். ஒவ்வொரு வருசமும் வரோணும்."

"ஓடலாமா?" என்றாள் தர்ஷனா.

"இப்போதைக்கு ஓடலாம்."

பிரேமிளா சிரிக்கவில்லை. தர்ஷனாவின் தோள் மேட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பஸ் நிலையத்துக்கு வந்தபோது ஹேவாஹெட்ட பஸ் புகை கக்கிக்கொண்டு நகரத் தொடங்கியிருந்தது. தர்ஷனா பழக்கதோஷத்தில் இரண்டு அடி வேகமாக வைத்தாள். பிரேமிளா கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க மெதுவா வாங்க அக்கா. நான் நிப்பாட்டுறேன்."

அவள் ஓடினாள். ஆட்களுக்கும் கச்சான் கடலைக் கூடைகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து, இரட்டைப் பின்னல் முதுகில் அடிக்க ஓடினாள். மதிய வெயிலில் அவளுடைய வெள்ளைச் சீருடை நிலத்தைத் தொடாமல் போவதுபோல் இருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினாள். பஸ் குலுங்கி நின்றது. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அதைப் பிடித்து நிறுத்திவைத்திருப்பவள்போல் நின்றுகொண்டு, கொண்டக்டர் சிங்களத்தில் சத்தம்போட்டதையும் பொருட்படுத்தாமல், தர்ஷனா நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.